முதலில் எந்த மெஷின் வாங்கலாம்?

கேள்வி: எனக்கு 61 வயது. முப்பத்தைந்து வருடம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருக்கிறேன். சின்ன வயதிலிருந்தே மர வேலையில் ஆசை. வீட்டில் காலியாகக் கிடக்கும் அறையைப் பட்டறையாக்கி, மேசை ரம்பம், மின் இழைப்புளி, டிரில், சாண்டர் எல்லாம் வாங்கிப் போடத் திட்டம். முதல் முயற்சியாகக் கைக்கருவிகளை வைத்தே ஒரு சிறு மேசை செய்தேன். மேற்பலகை வளையாமல் இருக்கட்டும் என்று அடியில் இரண்டு குறுக்குச் சட்டங்களைப் பசை போட்டு ஒட்டி, ஆணியும் அடித்தேன். மூன்றாவது மாதம், நடு இரவில் ‘டப்’ என்று ஒரு சத்தம். பலகை நெடுக வெடித்துவிட்டது. மரம் மோசமா, என் வேலை மோசமா? இரண்டு வயதுப் பேத்திக்கு ஓர் ஆடுகுதிரை செய்துகொடுக்க வேண்டும். இதயக் கோளாறுக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். மகன், “செய்வதை விற்கலாமே அப்பா” என்கிறான். முதலில் எந்த மெஷின் வாங்கலாம்? இந்த வயதில் தொடங்குவது தாமதமா?

(கடிதத்தின் அடியில், வேறு கையெழுத்தில்: “தூசியும் சத்தமும் ஒரு பக்கம் இருக்கட்டும். இவர் விரல் பத்தும் பத்திரமாக இருக்குமா? – இவரது மனைவி.”)

பதில்:

ஐயா,

மெஷினுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த மேசை.

மரமும் மோசமில்லை, உங்கள் கையும் மோசமில்லை. நீங்கள் நன்றாக ஒட்டியதுதான் வினை. மரத்தை அறுத்து, காயவைத்து, இழைத்து, பாலிஷ் போட்ட பிறகும் அது காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும்தான் இருக்கும். ஈரம் ஏறினால் ஊதும், இறங்கினால் சுருங்கும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. நீளவாக்கில் மரம் ஏறக்குறைய அசையவே அசையாது, அசைவெல்லாம் அகலத்தில்தான். 30 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு பலகை, ஈரமான மாதத்துக்கும் வறண்ட மாதத்துக்கும் நடுவில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வரை கூடிக் குறையலாம். பலகையின் முனையைப் பாருங்கள், வளையங்கள் தெரியும். அவை பலகையின் முகத்தோடு படுத்துக் கிடந்தால் அசைவு அதிகம். செங்குத்தாக நின்றால் ஏறக்குறைய அதில் பாதிதான்.

உங்கள் குறுக்குச் சட்டம் எந்தப் பக்கம் ஓடுகிறது? மேற்பலகையின் அகலவாக்கில். சட்டத்துக்கு அது நீளம், அதனால் அது சுருங்காது. பலகைக்கு அது அகலம், அதனால் அது சுருங்கியே ஆக வேண்டும். வறண்ட காற்று வந்ததும் இரண்டுக்கும் இழுபறி. பசை விடவில்லை, ஆணி விடவில்லை, கடைசியில் பலகை விட்டுவிட்டது. ஒரு நல்ல வெள்ளைப் பசை, நாருக்கு நார் ஒட்டியிருக்கும் பிடிப்பைவிட வலுவானது. அதனால்தான் வெடிப்பு ஒட்டில் வராமல் மரத்தின் நடுவில் வந்தது. பழைய கதவுகளில் சட்டங்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் பலகையைக் கவனித்திருக்கிறீர்களா? அதைச் சட்டத்தில் வெட்டிய காடிக்குள், அதாவது நீளப் பள்ளத்துக்குள், பசையே இல்லாமல் செருகியிருப்பார்கள். ஊதவும் சுருங்கவும் அதற்கு இடம் விட்டிருப்பார்கள்.

மேசையைத் தூக்கிப் போடாதீர்கள். சட்டங்களைக் கழற்றுங்கள். வெடிப்பு புதிது என்றால் இரு விளிம்பும் பல்லுக்குப் பல் பொருந்தும். பசை தடவி, கிளாம்ப் போட்டு இறுக்கி, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விடுங்கள். திரும்பச் சட்டம் பொருத்தும்போது பசையும் வேண்டாம், ஆணியும் வேண்டாம், ஸ்குரூ மட்டும். நடுவில் உள்ள ஸ்குரூவுக்குச் சாதாரண வட்டத் துளை. ஓரத்து ஸ்குரூக்களுக்குச் சட்டத்தில் நீள்துளை போட்டு, தலைக்கு அடியில் ஒரு வாஷர் வைத்து, அளவாக முறுக்குங்கள். அந்த நீள்துளை சட்டத்தின் நீளவாக்கில் இருக்க வேண்டும். இனி பலகை தன் இஷ்டத்துக்கு நகரும், ஆனால் வளையாது. வெடிப்பு ஒட்டிய கோடு மங்கலாகத் தெரியும். தெரிந்தால் தெரியட்டும், முதல் மேசைதானே.

சரி, மெஷின். என் பதில் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். முதலில் வாங்க வேண்டியது ஒரு தீட்டுக்கல்.

என் பட்டறையில் மேசை ரம்பம் இருக்கிறது. நான் இதை வைத்துப் பிழைக்கிறவன். ஒரே அளவில் நாற்பது சட்டம் நாளைக்குள் வேண்டும் என்று ஒருவர் நிற்கும்போது, கையால் அறுத்துக்கொண்டிருக்க முடியாது. மெஷின் விற்பது நேரத்தை. உங்களிடம் கொட்டிக் கிடப்பதே அதுதான். காலை பத்து மணிக்கு ஒரு பலகையை எடுத்து, மெஷினில் விட்டு, பத்தேகாலுக்கு முடித்துவிட்டால் மிச்ச நாளை என்ன செய்வீர்கள்? ஓய்வு பெற்றவர்கள் எத்தனையோ பேருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். முதல் மாதமே பெரிய மெஷின்களாக வாங்கி இறக்கியவர்களில் பலர், அடுத்த வருடம் அவற்றின் மேல் பழைய செய்தித்தாள் அடுக்கி வைத்திருந்ததையும் பார்த்திருக்கிறேன்.

தீட்டுக்கல் ஏன் என்று சொல்கிறேன். கடையில் வாங்கும் புது உளி கூர்மையாக இருக்கும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். பெரும்பாலும் இருக்காது. அதைத் தீட்டுவதுதான் உங்கள் முதல் பாடம். முதலில் உளியின் முதுகு, அதாவது தட்டையான பக்கம். நுனியிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் வரை கல்லில் படுக்கவைத்துத் தேய்த்துச் சமமாக்க வேண்டும். இது ஒரே ஒரு முறை செய்யும் வேலை, அலுப்பாக இருக்கும், விடாதீர்கள். அப்புறம் சரிவுப் பக்கம். சரிவு பொதுவாக 25 டிகிரியில் இருக்கும். நுனியை மட்டும் இன்னும் கொஞ்சம் தூக்கி 30 டிகிரியில் தீட்டுவோம். 1000 எண் கல்லில் (எண் கூடக் கூடக் கல் நைசாக இருக்கும்) தேய்த்துக்கொண்டே இருந்தால், முதுகுப் பக்கம் விரலால் மெல்ல வருடும்போது ஒரு பிசிறு தட்டுப்படும். அது நுனியின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை வந்திருக்க வேண்டும். பாதி வந்ததும் கல்லை மாற்றுவதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு. பிசிறு முழுக்க வந்த பிறகு 4000 அல்லது 6000 எண் கல்லில் மெருகேற்றி, முதுகைப் படுக்கவைத்து இரண்டு இழுப்பு இழுத்தால் பிசிறு போய்விடும். கோணம் மாறாமல் பிடிக்க உருளை வைத்த ஒரு பிடிமானக் கருவி கிடைக்கிறது. அதை வைத்துக்கொண்டால் தச்சனே இல்லை என்பார்கள் சிலர். அவர்கள் சொல்வதைக் காதில் வாங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

கூர்மை வந்துவிட்டதா என்று பார்க்கப் பலர் முன்கை முடியைச் சிரைத்துப் பார்ப்பார்கள். நீங்கள் சாப்பிடும் மாத்திரைக்கு அந்த விளையாட்டு வேண்டாம். மெத்தென்ற ஒரு மரத்துண்டின் குறுக்கு முனையைச் சீவிப் பாருங்கள். வெட்டுப்பட்ட இடம் வழவழவென்று மினுங்கினால் கூர்மை. பொடிப்பொடியாக உதிர்ந்து வெளுத்துத் தெரிந்தால் திரும்பக் கல்லுக்குப் போங்கள்.

அறுபதைத் தாண்டிய கைக்குக் கூர்மை இன்னும் ஒரு விதத்தில் அவசியம். மொட்டை உளி பலத்தைக் கேட்கும். பலம் கொடுத்துத் தள்ளும்போதுதான் அது வழுக்கி எங்கோ போய் நிற்கும். கட்டைவிரலின் அடிமூட்டு வலிக்கத் தொடங்குவதும் அப்படித்தான். தீட்டிய உளி, சொன்ன இடத்தில் போகும், சொன்ன இடத்தில் நிற்கும்.

கல்லுக்கு அடுத்து என்ன? அரை அங்குல உளி ஒன்று, ஓர் அங்குல உளி ஒன்று, ஒரு கொட்டாப்புளி, நல்ல கைரம்பம், நடுத்தர நீளத்தில் ஓர் இழைப்புளி, மூலைமட்டம், நான்கு கிளாம்ப். இவ்வளவு போதும், ஒரு வருடத்துக்கு. பெரிய பலகைகளைத் தேவையான அகலத்துக்கு மரம் வாங்கும் இடத்திலேயே கிழித்து வாங்கிக்கொள்ளுங்கள். அதில் மானக்குறைவு ஒன்றுமில்லை. இலவசமாகக் கிடைக்கும் சரக்குப் பெட்டிப் பலகைகளும் பழகுவதற்கு நல்லவைதான். ஆனால் அதில் சூடு வைத்த முத்திரையைப் பாருங்கள். ‘HT’ என்று ஆங்கில எழுத்துகள் இருந்தால் வெப்பத்தில் பதப்படுத்தியது, எடுத்துக்கொள்ளலாம். ‘MB’ என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது, தொடாதீர்கள். முத்திரையே இல்லாமல் எண்ணெய்க் கறையும் வாடையுமாக இருப்பதும் வேண்டாம்.

ஒரு வருடம் கழித்தும் ஆசை குறையாமல், நெடுக்காக அறுக்கும் வேலையில் தோள் வலித்தால், அப்போது ஒரு மெஷின் வாங்குங்கள். அதுவும் மேசை ரம்பமாக வேண்டாம், பட்டை ரம்பமாக (பேண்ட் சா) இருக்கட்டும். காரணம் எளிது. மேசை ரம்பத்தின் வட்டத் தகட்டில் பின்பக்கப் பற்கள் மேலே எழும்பி உங்களை நோக்கிச் சுழன்று வருகின்றன. அறுபட்ட மரம் நெரிந்து அந்தப் பற்களில் மாட்டினால், கண்ணிமைக்கும் நேரத்தில் உங்கள் வயிற்றை நோக்கிப் பாயும்; அப்போது கை தகட்டுப் பக்கம் இழுபடுவதும் உண்டு. தகட்டுக்குப் பின்னால் ஒரு பிளவுத் தகடு வைத்திருப்பது இதைத் தடுக்கத்தான். இடைஞ்சலாக இருக்கிறது என்று அதைக் கழற்றி வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். பட்டை ரம்பத்தில் பல் வைத்த நீளப் பட்டை மேலிருந்து கீழே ஓடும்; அது மரத்தை மேசையோடு கீழ்நோக்கி அழுத்தும், உங்கள் பக்கம் எறியாது. அதற்காக அது விரலை வெட்டாது என்று அர்த்தமில்லை. சுழலும் எந்த மெஷினிலும் கையுறை போடாதீர்கள்; நூல் மாட்டினால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

தூசிக்கும் சத்தத்துக்கும் இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. மரத்தூசியை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியான முதல் பிரிவில் சேர்த்தது. மூக்குக்குள்ளும் சைனஸிலும் வருவது. வருடக்கணக்கில் தொழிலாக அதில் மூச்சுவிட்டவர்களிடம் கண்டது அது. பொழுதுபோக்காகச் செய்கிறவர் பயந்து நடுங்க வேண்டாம், அலட்சியமாகவும் இருக்க வேண்டாம். இழைப்புளி போடுவது சுருள், பெருக்கி அள்ளிவிடலாம். சாண்டர் போடுவது கண்ணுக்குத் தெரியாத பொடி; மணிக்கணக்கில் அறைக்குள் மிதக்கும். கூரான இழைப்புளியில் முடித்த பலகைக்கு உப்புத்தாள் வேலை பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அந்தக் கொஞ்ச நேரத்துக்கு என்95 முகக்கவசம் போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையை வீட்டுக்குள் தேய்க்கவே தேய்க்காதீர்கள். சத்தமும் அப்படித்தான். மின் ரம்பங்கள் 100 டெசிபலைச் சாதாரணமாகத் தொடும். காதுக் கவசம் இல்லாமல் அந்தச் சத்தத்தில் ஒரு நாளைக்குக் கால் மணி நேரம்தான் இருக்கலாம் என்பது தொழில் பாதுகாப்புக் கணக்கு. கைரம்பச் சத்தத்தில் அடுத்த அறையில் ஒருவர் தூங்கலாம்.

இனி மாத்திரை. இந்தப் பொழுதுபோக்கைத் தொடங்கப் போகிறேன் என்று உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பட்டறை வேலை இருக்கிற நாளில் மாத்திரையை விட்டுவிடலாமா என்று மட்டும் நீங்களாக யோசிக்க வேண்டாம். சின்ன வெட்டுக்கே உங்களுக்கு மற்றவர்களைவிட அதிக நேரம் ரத்தம் வரும். சுத்தமான துணியை மடித்து வைத்து, இடையில் எடுத்து எடுத்துப் பார்க்காமல், பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். அதற்குப் பிறகும் நிற்கவில்லை, அல்லது வெட்டு ஆழம் என்றால் மருத்துவமனைதான். டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருடம் ஆகியிருந்தால் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள்.

உளியில் வரும் காயங்களில் பெரும்பகுதி ஒரே மாதிரி வருகிறது. இடது கையில் மரத்தைப் பிடித்துக்கொண்டு வலது கையால் தள்ளுவது. மரத்தை மேசையோடு கிளாம்ப் போட்டுவிட்டால் இரண்டு கையும் உளிக்குப் பின்னால் வந்துவிடும். கூர்முனைக்கு முன்னால் உடம்பின் எந்தப் பகுதியும் இருக்கக் கூடாது, தொடையும் சேர்த்துத்தான். ஒரே ஒரு சின்னச் சீவல்தானே, எதற்கு கிளாம்ப் என்று தோன்றும். என் இடது உள்ளங்கையில் இருக்கும் தழும்பு அப்படித் தோன்றிய ஒரு மதியத்தில் வந்தது.

பட்டறைக்கு நீங்கள் எழுதாத ஒன்றும் வேண்டும். வெளிச்சம். அறுபது வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, இருபது வயதில் சேர்ந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கூரை விளக்கு ஒன்றை நம்பாமல், பக்கவாட்டில் தாழ்வாக விழும் ஒரு விளக்கு வையுங்கள். பலகையின் மேடு பள்ளம் நிழலாகத் தெரியும். படிக்கும் கண்ணாடியும் இங்கே சரிப்படாது. அது புத்தகத் தூரத்துக்குச் செய்தது, உளி இன்னும் தள்ளி இருக்கும். மேசைக்கும் கண்ணுக்கும் உள்ள தூரத்தை அளந்துகொண்டு போய், அதற்கென்று ஒரு கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். வேலை மேசையின் உயரம், நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் மட்டம். இழைப்பதற்கு இது தோதானது, இடுப்பும் பிழைக்கும்.

ஆடுகுதிரைக்கு வருவோம். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், இப்போது வேண்டாம் என்கிறேன். வளைவு, சாய்வுக் கோணம், எடை தாங்கும் பொருத்து என்று எல்லாப் பாடமும் அதில் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். 1870களில் ஸ்வீடனில் நேஸ் என்ற இடத்தில் ஓட்டோ சாலமன் என்பவர் ஆசிரியர்களுக்கு மர வேலை சொல்லிக்கொடுத்தார். அவருடைய பாடவரிசை கத்தியால் சீவிச் செய்யும் ஒரு சின்னக் குச்சியில் தொடங்கும். அடுத்தடுத்த பொருளில் ஒன்றிரண்டு புதுப் பயிற்சிகள் மட்டும் கூடும். செய்கிற ஒவ்வொன்றும் வீட்டில் பயன்பட வேண்டும். சும்மா பழகிப் பார்த்து எறிவது கிடையாது. இதைவிட நல்ல முறையை நான் பார்க்கவில்லை.

அந்த வழியில், முதலில் அறுப்புத் தாங்கி ஒன்று செய்யுங்கள். புத்தகம் அளவுள்ள ஒரு பிளைவுட் துண்டு. மேலே ஒரு முனையில் ஒரு கட்டை, கீழே எதிர் முனையில் ஒரு கட்டை. கீழ்க்கட்டை மேசை விளிம்பில் மாட்டிக்கொள்ளும், மேல்கட்டையில் மரத்தை அணைத்துவைத்து அறுக்கலாம். (பிளைவுட் ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும். அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் அது அகலத்தில் அசையாது. கட்டைகளைத் தாராளமாக ஒட்டலாம்.) அடுத்தது பேத்திக்கு. ஐந்து சென்டிமீட்டர் கனசதுரக் கட்டைகள், இருபது. சதுரமாக இழைத்த ஒரு நீளச் சட்டத்தைத் துண்டு துண்டாக அறுப்பது என்றால், கோட்டின் மேல் செங்குத்தாக அறுக்க இருபது தடவை பயிற்சி. ஐந்தாவது கட்டை கோணலாக இருக்கும். பதினைந்தாவது இருக்காது. குழந்தைக்குக் கட்டையெல்லாம் ஒன்றுதான், கோணலையும் அடுக்கிவிடும். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தையின் பொம்மையில் 32 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள குழாய்க்குள் அடங்கிவிடுகிற துண்டு எதுவும் இருக்கக் கூடாது, கழன்று விழுந்து அப்படி ஆகவும் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். விளிம்புகளை எல்லாம் உருட்டிவிடுங்கள். மெருகு எண்ணெய் பூசினால் முழுவதும் காய்ந்து வாடை போன பிறகு கொடுங்கள்.

எண்ணெய் என்றதும் ஒன்று. ஆளிவிதை எண்ணெய் காயும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து சூடு உண்டாக்கும். துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போட்டால், வெளியேற வழியில்லாத சூடு சேர்ந்து, நெருப்புக் காட்டாமலேயே பற்றிக்கொள்ளும். நான் நம்பாமல் இருந்தவன். ஒரு நாள் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் அட்டைப்பெட்டியிலிருந்து புகை. அன்றிலிருந்து அந்தத் துணியை வெளியே ஒற்றையாக விரித்துக் காயப்போட்டு, விறைத்த பிறகுதான் எறிகிறேன். மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி அமுக்கி வைப்பதும் சரி.

விற்பதைப் பற்றி மகனிடம் ஒரு வருடம் கழித்துப் பேசலாம் என்று சொல்லிவிடுங்கள். காசு வாங்கிய நாளிலிருந்து கெடு வரும், கெடு வந்தால் மேசை ரம்பம் வரும்.

தாமதமா என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்க அதிபராக இருந்த ஜிம்மி கார்ட்டர் 1981இல் பதவியை விட்டு இறங்கியபோது அவருக்கு 56 வயது. உடன் வேலை பார்த்தவர்கள் பிரிவுப் பரிசாகக் கொடுத்தது மர வேலைக் கருவிகள். சின்ன வயதிலேயே கொஞ்சம் பழகியவர்தான் அவர். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் நாற்காலி, மேசை, கட்டில் என்று செய்துகொண்டே இருந்தார். சிலவற்றைத் தன் அறக்கட்டளைக்காக ஏலத்திலும் விட்டார். நீங்கள் அவரைவிட ஐந்து வருடம் பிந்தியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

கடைசியாக, அடியில் எழுதிய அம்மாவுக்கு. விரலுக்கு உத்தரவாதம் நான் தர முடியாது. ஆனால் இரண்டு காரியம் உங்கள் கையில் இருக்கிறது. தூக்கம் வரவழைக்கும் மாத்திரை சாப்பிட்ட பிறகும், தலைசுற்றலாக இருக்கிறது என்று சொன்ன நாளிலும், அந்த அறைச் சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், தட்டுகிற சத்தமும் அறுக்கிற சத்தமும் நின்று பத்து நிமிடம் ஆகிவிட்டால் ஒருமுறை எட்டிப் பாருங்கள். பெரும்பாலும் உளி தீட்டிக்கொண்டிருப்பார்.